ஃப்ரெஷ் ட்ரான்ஸ்ஃபரா, ஃப்ரோசன் ட்ரான்ஸ்ஃபரா? ஊசி தொடங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சையில், முட்டை எடுத்த மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும். "நாலு கரு நல்லா வந்திருக்கு. இந்த மாசம் வைக்க வேண்டாம், ஃப்ரீஸ் பண்ணிடலாம்னு டாக்டர் சொல்றாங்க." அந்த வாரமே கரு உள்ளே போய்விடும் என்று விடுப்பு சொல்லி, வீட்டு வேலைக்கு ஆள் ஏற்பாடு செய்து காத்திருந்தவருக்கு அந்த ஒரு வரி தாங்க முடியாததாக இருக்கும். ஏதோ கெட்டுப்போய்விட்டதோ என்ற பயமும், பணத்துக்காகத் தள்ளிப்போடுகிறார்களோ என்ற சந்தேகமும் சேர்ந்தே வரும்.

தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் புரிந்துகொள்ளக்கூடிய விஷயம் அல்ல இது. முதல் ஊசி போடுவதற்கு முன்பே கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து தெரிந்துகொண்டால், அந்த அழைப்பு வரும் நாளில் கலங்காமல் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உறைய வைப்பதால் எந்தக் கருவும் முன்பைவிடத் தரமானதாக மாறுவதில்லை. மாறுவது கருப்பைதான். ஊசிகளால் உடம்பில் ஹார்மோன் ஏறிக் கிடக்கும் இந்த மாதக் கருப்பையில் வைப்பதா, அது தணிந்த இன்னொரு மாதத்தில் வைப்பதா என்பதே கேள்வி. "எது சிறந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. "என் உடம்புக்கு இந்த மாதம் எது?" என்று கேட்டால் கிடைக்கும்.

இரண்டு வழிகளும் எங்கே பிரிகின்றன

தொடக்கம் இரண்டுக்கும் ஒன்றே. மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஸ்கேன், பிறகு 8 முதல் 12 நாள் வரை தினசரி ஊசி, இடையில் மூன்று நான்கு ஸ்கேன். முட்டை வளரும் நீர்ப்பைகளான ஃபாலிக்கிள்கள் 17, 18 மி.மீ. அளவை எட்டியதும், முட்டையை முதிரவைக்கும் ட்ரிக்கர் ஊசி. அது போட்ட 35, 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பு. நேரம் இங்கே மிகக் கறாரானது. இரவு 10 மணிக்குப் போடச் சொன்ன ட்ரிக்கரை 12 மணிக்குப் போட்டுவிட்டால், மறைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். முட்டை எடுக்கும் நேரத்தை அவர்கள் தள்ளி வைப்பார்கள். சொல்லாமல் விட்டால் முட்டை முதிராமல் கிடைக்கலாம்.

முட்டையும் விந்தணுவும் சேர்ந்த மறுநாள் எத்தனை கரு உருவானது என்று தெரியும். மூன்றாம் நாளில் நல்ல கரு 6 முதல் 8 செல்களோடு இருக்கும். ஐந்தாம், ஆறாம் நாளில் அது பிளாஸ்டோசிஸ்ட் என்ற நிலையை அடையும். உருவான கருக்களில் ஏறத்தாழப் பாதிதான் அந்த நிலை வரை வரும். இது இயல்பு, யாருடைய தவறும் இல்லை. பத்து முட்டை எடுத்து மூன்று பிளாஸ்டோசிஸ்ட் கிடைத்தால் "மீதி ஏழும் எங்கே போச்சு?" என்று வீட்டார் கேட்பார்கள். முதிராத முட்டை, கருவாகாத முட்டை, பாதி வழியில் நின்ற கரு என்று ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை குறையத்தான் செய்யும்.

பாதை பிரிவது இந்த இடத்தில். கருவைக் கருப்பையில் வைப்பதுதான் ட்ரான்ஸ்ஃபர். அப்போதே வைத்தால் ஃப்ரெஷ். உறைய வைத்து வேறொரு மாதத்தில் எடுத்து வைத்தால் ஃப்ரோசன். எல்லாக் கருவையும் உறைய வைப்பதை ஃப்ரீஸ் ஆல் என்பார்கள். ஒன்றை ஃப்ரெஷ்ஷாக வைத்து, மிச்சத்தை உறைய வைப்பதும் உண்டு.

உறைய வைத்தால் கரு பழசாகிவிடாதா?

பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. ஃப்ரிட்ஜில் வைத்த இட்லி மாவு மெதுவாகவாவது புளித்துக்கொண்டுதான் இருக்கும். ஏனென்றால் அங்கே 4 டிகிரி குளிர்தான், உயிர்ச் செயல் நிற்பதில்லை. கரு இருப்பது மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனுக்குள். அந்தக் குளிரில் எந்த வேதிமாற்றமும் நடக்காது. ஒரு மாதம் இருந்த கருவுக்கும் ஐந்து வருடம் இருந்த கருவுக்கும் வயது ஒன்றே. முட்டை எடுத்த நாளில் பெண்ணுக்கு 32 வயது என்றால், 36 வயதில் வைத்தாலும் அந்தக் கரு 32 வயதுக் கருதான்.

ஆபத்து இருப்பது உறைந்து கிடக்கும் காலத்தில் அல்ல. உறையும் நொடியிலும் உருகும் நொடியிலும்தான். செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாக மாறினால் அதன் கூர்மை செல்லைக் கிழித்துவிடும். பழைய முறையில் மெதுவாகக் குளிரவைத்தார்கள், நிறையக் கருக்கள் அழிந்தன. இப்போது விட்ரிஃபிகேஷன் என்ற முறை. தண்ணீரை வெளியே இழுத்து, பாதுகாப்புத் திரவம் ஏற்றி, கண் இமைக்கும் நேரத்தில் நைட்ரஜனில் அமிழ்த்துவார்கள். பனிக்கட்டி உருவாக நேரமே இருக்காது, கண்ணாடி போல இறுகிவிடும். நல்ல ஆய்வகத்தில் 100 பிளாஸ்டோசிஸ்ட்டை உருக்கினால் 95க்கு மேல் உயிரோடு வரும்.

கருவை உறைய வைக்கும் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1978 அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் மூலம் பிறந்த இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை, 53 நாள் உறைய வைத்த கருவிலிருந்து வந்தது என்று அவர் பதிவு செய்திருந்தார். அன்று அவரை யாரும் நம்பவில்லை. 1981இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அங்கீகாரம் கிடைத்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

உறைய வைத்த அன்றே ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை கரு, எந்த நாள் கரு, ஒவ்வொன்றின் தரம், கருவை வைக்கும் மெல்லிய குழாயான ஸ்ட்ரா ஒன்றில் எத்தனை வைத்திருக்கிறார்கள், இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். கடைசி விவரத்தைப் பலர் கேட்பதில்லை. ஒரே ஸ்ட்ராவில் இரண்டு கரு இருந்தால், ஒன்று மட்டும் வேண்டும் என்றாலும் இரண்டையும் உருக்க வேண்டியதாகிவிடும். தனித்தனியாக வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தரத்தை 4ஏஏ, 3பிபி என்பது போலக் குறிப்பார்கள். எண் 1 முதல் 6 வரை, கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது. முதல் எழுத்து குழந்தையாகப் போகும் செல் கூட்டம். இரண்டாம் எழுத்து நஞ்சுக்கொடியாகப் போகும் வெளி அடுக்கு. 4பிபி என்று பார்த்ததும் பரீட்சையில் குறைந்த மதிப்பெண் வாங்கியது போல முகம் வாடிவிடும். வேண்டாம். அது கருவின் தோற்றத்துக்கான குறிப்பு மட்டுமே. பிபி கருக்களிலிருந்து ஆரோக்கியமான குழந்தைகள் நாள்தோறும் பிறக்கிறார்கள்.

2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி இந்தியாவில் கருவை அதிகபட்சம் 10 ஆண்டுகள்தான் சேமிக்கலாம். கணவன் மனைவி இருவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சேமிப்புக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. அதைப் புதுப்பிக்கும் தேதியையும் தொடர்பு எண் மாறினால் யாரிடம் சொல்வது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது இந்த மாதம் வைக்கக் கூடாது?

முதல் காரணம், மிக முக்கியமான காரணம், ஓ.எச்.எஸ்.எஸ். என்று சொல்லப்படும் சினைப்பை மிகைத்தூண்டல். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) உள்ளவர்கள், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோன் அதிகம் உள்ளவர்கள், மெலிந்த இளம் பெண்கள், இருபதுக்கு அருகிலோ மேலோ ஃபாலிக்கிள் வளர்ந்தவர்கள் இதற்கு ஆளாகலாம். சினைப்பை வீங்கி, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்கும், ரத்தம் கெட்டியாகும். இதைத் தூண்டிவிடுவது எச்.சி.ஜி. என்ற ஹார்மோன். ட்ரிக்கர் ஊசியிலும் அது இருக்கிறது, கர்ப்பம் தரித்தால் கருவும் அதையே சுரக்கிறது. ஆகவே வீங்கிய சினைப்பையோடு ஃப்ரெஷ்ஷாகக் கரு வைத்து, அது ஒட்டிக்கொண்டால், தணிய வேண்டிய நெருப்பில் மேலும் எண்ணெய் ஊற்றியதாகிவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு எச்.சி.ஜி.க்குப் பதிலாக அகோனிஸ்ட் ட்ரிக்கர் என்ற வேறு வகை ஊசி போட்டு, எல்லாக் கருவையும் உறைய வைத்தால் அந்த ஆபத்து ஏறக்குறைய இல்லாமலே போகிறது. இந்த ட்ரிக்கரில் ஒரு பக்கவிளைவு உண்டு. முட்டை எடுத்த பிறகு, கருப்பையைக் கருவுக்குத் தயாராக வைக்கும் புரோஜெஸ்ட்ரான் ஹார்மோன் சட்டென்று விழுந்துவிடும், கருப்பை கருவைத் தாங்காது. அதனால்தான் அகோனிஸ்ட் ட்ரிக்கர் என்றாலே பெரும்பாலும் ஃப்ரீஸ் ஆல்.

உறைய வைத்துவிட்டாலும் முட்டை எடுத்த ஒரு வாரம் உடம்பைக் கவனியுங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால், நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். "கேஸ்" என்று நினைத்து ஓம வாட்டர் குடித்துப் படுத்துவிட வேண்டாம்.

இரண்டாவது, ட்ரிக்கர் நாளில் ரத்தத்தில் புரோஜெஸ்ட்ரான் மில்லிலிட்டருக்கு 1.5 நானோகிராமுக்கு மேல் போயிருப்பது. கருப்பையின் உட்சவ்வு தன் நாளுக்கு முன்பே முதிரத் தொடங்கிவிட்டது என்று பொருள். கரு வந்து சேரும்போது வாசல் மூடியிருக்கும். கருவில் குறை ஒன்றும் இல்லை, நேரம்தான் பொருந்தவில்லை.

மற்றவை சுருக்கமாக: உட்சவ்வு 7 மி.மீ. எட்டாதது, கருப்பைக்குள் நீர் தேங்கியது, புதிதாகத் தெரிந்த பாலிப் (சதை வளர்ச்சி), நீர் நிறைந்து வீங்கிய கருக்குழாய், காய்ச்சல், கருவின் மரபணுப் பரிசோதனை. ஊசி போடும் நாள்களிலேயே புரோஜெஸ்ட்ரான் போல வேலை செய்யும் புரோஜெஸ்டின் மாத்திரை கொடுக்கும் முறையில் சிகிச்சை நடந்தால் ஃப்ரெஷ் என்ற பேச்சுக்கே இடமில்லை. அது உங்கள் சிகிச்சை முறையா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

எப்போது ஃப்ரெஷ் நல்லது?

இந்தப் பக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஃப்ரோசன்தான் எப்போதும் உயர்ந்தது என்ற எண்ணம் பரவிவிட்டது. அதற்கு வலு சேர்த்தது 2016இல் சீனாவில் பி.சி.ஓ.எஸ். உள்ள 1,508 பெண்களிடம் நடந்த ஆய்வு. முதல் ட்ரான்ஸ்ஃபரில் குழந்தை பிறந்தது ஃப்ரோசனில் 49.3 விழுக்காடு, ஃப்ரெஷ்ஷில் 42 விழுக்காடு. ஓ.எச்.எஸ்.எஸ். 7.1இலிருந்து 1.3 ஆகக் குறைந்தது. பெரிய வித்தியாசம்தான். ஆனால் 2018இல், மாதவிடாய் ஒழுங்காக வரும் 2,157 பெண்களிடம் பார்த்தபோது ஃப்ரோசனில் 48.7, ஃப்ரெஷ்ஷில் 50.2 என்று இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. அதே ஆண்டு வியட்நாமில், பி.சி.ஓ.எஸ். இல்லாத 782 பெண்களிடம் நடந்த ஆய்விலும் வித்தியாசம் இல்லை. 2019இல் ஒரே ஒரு பிளாஸ்டோசிஸ்ட் வைத்த ஆய்வில் மட்டும் ஃப்ரோசன் 50, ஃப்ரெஷ் 40 என்று மீண்டும் ஃப்ரோசன் முந்தியது. 2025இல் வந்த இன்னொரு சீன ஆய்வு முட்டை குறைவாகக் கிடைக்கும், வாய்ப்புக் குறைந்த பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டது. அங்கே ஃப்ரெஷ்ஷில் சுமார் 40, ஃப்ரோசனில் 32.

ஊசிக்கு நிறைய முட்டை தரும் உடம்பில் ஹார்மோன் அளவும் உயரத்துக்குப் போகிறது, கருப்பை பாதிக்கப்படுகிறது, காத்திருப்பது பலன் தருகிறது. மூன்று நான்கு முட்டை மட்டும் தரும் உடம்பில் ஹார்மோன் அந்த அளவுக்கு ஏறுவதில்லை, கருப்பையும் பெரிதாகக் கெடுவதில்லை. ஒன்றோ இரண்டோ இருக்கும் கருவை உறைய வைத்து உருக்கும் ஆபத்தை அவர்கள் ஏன் ஏற்க வேண்டும்? நூற்றில் ஐந்து என்பது பத்துக் கரு உள்ளவருக்குச் சிறிய எண். ஒரே கரு உள்ளவருக்கு அந்த ஐந்தில் தன் கருவும் ஒன்றாகிவிட்டால் எல்லாமே போயிற்று. ஆகவே முட்டை குறைவு, புரோஜெஸ்ட்ரான் சரி, உட்சவ்வு சரி என்ற நிலையில் "எங்கள் மையத்தில் எல்லோருக்கும் ஃப்ரீஸ் ஆல்தான்" என்று சொன்னால், காரணம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

ஃப்ரெஷ் என்றால் அடுத்து நடப்பது

இது குறுகிய பாதை. முட்டை எடுத்த அன்று மாலையோ அடுத்த ஓரிரு நாளிலோ புரோஜெஸ்ட்ரான் தொடங்கும். மூன்றாம் அல்லது ஐந்தாம் நாள் ட்ரான்ஸ்ஃபர். ஊசி தொடங்கியதிலிருந்து ரத்தப் பரிசோதனை வரை ஏறத்தாழ ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். மயக்க மருந்து, வயிற்று உப்புசம் எல்லாம் தீரும் முன்பே ட்ரான்ஸ்ஃபர் வந்துவிடுவதால் உடம்பு களைப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

ஃப்ரோசன்: மூன்று வகைத் தயாரிப்பு

முட்டை எடுத்த பிறகு ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்குள் மாதவிடாய் வரும். ஓ.எச்.எஸ்.எஸ். தணிந்துவிட்டிருந்தால் அந்தச் சுழற்சியிலேயே கூடத் தயாரிப்பைத் தொடங்கலாம். பல மையங்கள் ஒரு மாதம் ஓய்வு கொடுத்துத் தொடங்கும். ஆறு மாதம் காத்திருந்தால் வெற்றி கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

மாத்திரை முறை. மாதவிடாயின் இரண்டாம், மூன்றாம் நாள் ஸ்கேன் பார்த்து ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கும். வழக்கமான அளவு 2 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று, அதாவது 6 மி.கி. உங்கள் அளவை மருத்துவர்தான் தீர்மானிப்பார். 10, 12 நாள் கழித்து ஸ்கேன். உட்சவ்வு 7 மி.மீ.க்கு மேல், மூன்று கோடு போலத் தெரிய வேண்டும். அன்றே ரத்தத்தில் புரோஜெஸ்ட்ரானும் பார்ப்பது நல்லது. மாத்திரையை மீறிச் சினைப்பை தானாக முட்டையை வெளியிட்டிருந்தால் நாள் கணக்கு குழம்பிவிடும். எல்லாம் சரியென்றால் புரோஜெஸ்ட்ரான் தொடங்கும். பிளாஸ்டோசிஸ்ட் என்றால் அது தொடங்கிய ஆறாம் நாள் ட்ரான்ஸ்ஃபர், மூன்றாம் நாள் கரு என்றால் நான்காம் நாள். இந்தக் கணக்கில் ஒரு நாள் பிசகினாலும் மாதம் வீணாகலாம். அதனால் முதல் புரோஜெஸ்ட்ரான் எந்தத் தேதி, காலையா இரவா என்று எழுதி வாங்குங்கள். வாய்வழிச் சொல்லை நம்பி இருக்க வேண்டாம்.

இம்முறையின் வசதி, தேதியை முன்கூட்டிக் குறிக்கலாம், ஸ்கேன் குறைவு. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கும், மாதவிடாய் ஒழுங்கற்றவர்களுக்கும் ஏற்றது. குறை, முட்டை வெளியாகாததால், அது வெளியான இடத்தில் உருவாகி ஹார்மோன் சுரக்கும் கார்பஸ் லூட்டியம் உருவாவதில்லை. இயற்கையில் கர்ப்பத்தின் தொடக்க வாரங்களைத் தாங்குவது அதுதான். அது சுரக்கும் மற்ற பொருள்கள் இல்லாத கர்ப்பங்களில் பிந்தைய மாதங்களில் உயர் ரத்த அழுத்தமும், அது முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் முன்சூல்வலிப்பும் கூடுதலாக வருகின்றன.

இயற்கை முறை. மாதவிடாய் ஒழுங்காக வருபவர்களுக்கு. பத்தாம் நாள் வாக்கில் ஸ்கேன் தொடங்கி, ஃபாலிக்கிள் வளர்வதைப் பார்த்து, முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் ஏறும் நாளை ரத்தத்திலோ சிறுநீரிலோ பிடித்து, பிளாஸ்டோசிஸ்ட்டை அதிலிருந்து ஆறாம் நாள் வாக்கில் வைப்பார்கள். சில மையங்கள் ஃபாலிக்கிள் முதிர்ந்ததும் எச்.சி.ஜி. ஊசி போட்டு ஏழாம் நாள் வைக்கும். மருந்து மிகக் குறைவு, கார்பஸ் லூட்டியமும் இருக்கிறது. அடிக்கடி ஸ்கேனுக்கு வர வேண்டும், ட்ரான்ஸ்ஃபர் ஞாயிற்றுக்கிழமையில் விழலாம், அதுதான் சிரமம். ஒழுங்கான சுழற்சி உள்ளவருக்கு இதை முதலில் கேட்டுப் பாருங்கள் என்பதே எங்கள் கருத்து. மையத்தின் வசதிக்காக மாத்திரை முறைக்குத் தள்ளப்படுபவர்கள் பலர்.

லெட்ரோசோல் முறை. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் மாத்திரை கொடுத்து ஒரு முட்டையை வளரவைத்து, பிறகு இயற்கை முறை போலவே.

உட்சவ்வு 6 மி.மீ.யில் நின்றுவிட்டால்? பதற்றப்படாதீர்கள். ஈஸ்ட்ரோஜனை இன்னும் ஒரு வாரம் நீட்டுவார்கள், வேறு வழியில் கொடுப்பார்கள், அல்லது அடுத்த மாதம் இயற்கை முறைக்கு மாற்றுவார்கள். கரு எங்கும் போகாது. மாதத்தை ரத்து செய்வதால் இழப்பது ஒரு மாதம், பொருந்தாத சவ்வில் வைத்தால் இழப்பது கரு.

புரோஜெஸ்ட்ரான்: தவறுகள் நடக்கும் இடம்

பிறப்புறுப்பில் வைக்கும் 400 மி.கி. மாத்திரை நாளுக்கு இரண்டு, ஜெல், இடுப்பில் போடும் எண்ணெய் ஊசி, வாய்வழி டைட்ரோஜெஸ்ட்ரான் என்று பல வடிவங்கள் உண்டு. மாத்திரையை விரலால் உள்ளே ஆழமாகத் தள்ளி, கால் மணி நேரமாவது படுத்திருங்கள். வெள்ளையாகக் கசிவது மருந்தின் மெழுகு, மருந்து வீணாகிவிடவில்லை. எண்ணெய் ஊசியை உள்ளங்கையில் வைத்துச் சற்றுச் சூடாக்கி, பக்கம் மாற்றி மாற்றிப் போட்டால் கட்டி விழுவது குறையும்.

மாத்திரை மட்டும் வைப்பவர்களுக்கு ட்ரான்ஸ்ஃபர் நாளிலோ முந்தைய நாளிலோ ரத்தத்தில் புரோஜெஸ்ட்ரான் பார்த்து, மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் ஊசி சேர்க்கும் வழக்கம் இப்போது பரவலாகிறது. டைட்ரோஜெஸ்ட்ரான் அந்தப் பரிசோதனையில் தெரியாது. அதை மட்டும் சாப்பிடுபவருக்கு எண் குறைவாக வந்தால் அதற்குப் பொருள் இல்லை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சில ஆய்வகக் கருவிகளில் அது ஹார்மோன் எண்களைத் தவறாகக் காட்டும்.

இரண்டு வாரத்துக்கான மருந்தைக் கையில் வைத்திருங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போய், அங்கே மருந்துக்கடையில் கிடைக்காமல் அல்லாடுவது ஆண்டுதோறும் நடக்கிறது.

ட்ரான்ஸ்ஃபர் நாள்

காலையில் கருவை உருக்குவார்கள், ஓரிரு மணி நேரத்தில் சுருங்கிய கரு மீண்டும் விரியும். ஃப்ரெஷ்ஷோ ஃப்ரோசனோ, அதன் பிறகு நடப்பது ஒன்றே. மயக்க மருந்து பெரும்பாலும் தேவையில்லை. சிறுநீர்ப்பை ஓரளவு நிரம்பியிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் போதும், வெடித்துவிடும் அளவுக்கு வேண்டாம். சென்ட், வாசனைப் பவுடர் போட வேண்டாம். மல்லிகையையும் அன்று வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஆய்வகக் காற்றில் மணப்பொருள் கலக்கக் கூடாது. உங்கள் பெயரையும் கணவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் பார்த்தபடி மெல்லிய குழாயைச் செலுத்தி, கருப்பையின் மேல் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு செ.மீ. கீழே கருவை விடுவார்கள். பத்து நிமிட வேலை.

எழுந்து நடக்கலாம். சிறுநீர் கழிக்கலாம். கரு கீழே விழாது. அது மாவுக்குள் விழுந்த எள் போல இரு சவ்வுகளுக்கு நடுவே ஒட்டி இருக்கும். படுக்கையிலேயே கிடப்பதால் பலன் இல்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. மாடிப்படி ஏறலாம், ஆட்டோவில் போகலாம், சமைக்கலாம். கனமான குடம் தூக்குவது, ஓடுவது, உடலுறவு ஆகியவற்றை மட்டும் உங்கள் மருத்துவர் சொல்லும் வரை தள்ளி வையுங்கள். நிறையப் பெண்கள் தோல்விக்குப் பிறகு "அன்னிக்குக் குனிஞ்சு பாத்திரம் எடுத்தேனே, அதனாலயா?" என்று கேட்கிறார்கள். இல்லை. அதனால் இல்லை.

ஒரே பிளாஸ்டோசிஸ்ட் வைப்பதே பெரும்பாலோருக்கு நல்லது. இரண்டு வைத்தால் இரட்டைக் குழந்தை என்று வீட்டில் ஆசைப்படுவார்கள். அந்த ஆசைக்குப் பின்னால் குறைமாதப் பிரசவமும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கும் இருக்கின்றன. மரபணுப் பரிசோதனை செய்த கருவில் ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பீட்டா பரிசோதனையும் அதன் பிறகும்

பிளாஸ்டோசிஸ்ட் வைத்தபின் 9 முதல் 14 நாளுக்குள் ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனைப் பார்ப்பார்கள். அதற்குள் வீட்டுப் பரிசோதனைக் குச்சியில் பார்க்காதீர்கள். ஃப்ரெஷ்ஷில் ட்ரிக்கர் ஊசியின் எச்.சி.ஜி. பத்து நாளுக்கு மேலும் உடம்பில் தங்கி, இல்லாத கர்ப்பத்தை இருப்பதாகக் காட்டும். 48 மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்கும்போது எண் குறைந்தது ஒன்றரை மடங்காவது ஆகியிருக்க வேண்டும்.

இடையில் சிறிது ரத்தம் பட்டால் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. மாத்திரை முறையில் உடம்பு தானாகப் புரோஜெஸ்ட்ரான் சுரப்பதில்லை, உங்கள் கையில் இருக்கும் மருந்துதான் அந்தக் கர்ப்பத்தைத் தாங்குகிறது. "பீரியட்ஸ் வந்துடுச்சு" என்று நினைத்து நிறுத்திய பிறகு, இருந்த கர்ப்பம் கலைந்துபோனவர்கள் உண்டு. ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை தொடருங்கள்.

நாள் கணக்குக்குக் கடைசி மாதவிடாய்த் தேதி உதவாது. ஐந்தாம் நாள் கரு வைத்த அன்று கர்ப்ப வயது 2 வாரம் 5 நாள், ட்ரான்ஸ்ஃபர் தேதியோடு 261 நாள் கூட்டினால் பிரசவத் தேதி. மூன்றாம் நாள் கரு என்றால் 2 வாரம் 3 நாள், 263 நாள். உறைந்திருந்த காலத்தைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை.

கர்ப்பம் உறுதியானால் மருந்து பத்து, பன்னிரண்டு வாரம் வரை தொடரும். பெரும்பாலோர் அந்தக் கட்டத்தில் சொந்த ஊரில் உள்ள மகப்பேறு மருத்துவரிடம் மாறுவார்கள். மாறும்போது ஐவிஎஃப் என்று மட்டும் சொல்லாமல், ஃப்ரெஷ்ஷா ஃப்ரோசனா, ஃப்ரோசன் என்றால் மாத்திரை முறையா இயற்கை முறையா என்பதையும் எழுதிக் கொடுங்கள். ஃப்ரெஷ் என்றால் குழந்தையின் எடை குறைகிறதா என்று பார்ப்பார்கள். ஃப்ரோசன் என்றால் எடை கூடுகிறதா என்று பார்ப்பார்கள். மாத்திரை முறை என்றால் ஒவ்வொரு சந்திப்பிலும் ரத்த அழுத்தத்தை எழுதி வைக்கச் சொல்லுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்ற கேள்வியைப் பன்னிரண்டாம் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே போய் அழுத்தம் பாருங்கள்.